ஜாப்பா தூளா, இலாம் இலையா?

நேபாளத் தேயிலை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கின்றன. ஒன்று, கிழக்கு நேபாளத்தின் சமவெளியான ஜாப்பாவில் விளைந்து, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி இயந்திரத்தில் நொறுங்கி வரும் டீத்தூள். மற்றொன்று, அதற்கு நேர் வடக்கே இலாம் மலைகளில் விளைந்து, முறுக்கிய முழு இலையாக வரும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை. பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். ருசியிலும் விலையிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

வயதில் இரண்டும் ஏறக்குறைய சமம். நேபாளப் பிரதமர் ஜங் பகதூர் ராணாவின் மருமகனான கர்னல் கஜராஜ் சிங் தாபா 1863இல் இலாமில் தோட்டம் போட்டார். விதை சீனப் பேரரசர் அனுப்பிய பரிசு என்பது ஊரில் சொல்லும் கதை. இரண்டு ஆண்டு கழித்து ஜாப்பாவின் சோக்திமில் இன்னொரு தோட்டம். அதன்பின் ராணா குடும்பம் நாட்டை ஆண்ட காலம் முழுக்க இந்தத் தொழில் தூங்கியது. 1959இல்தான் ஜாப்பாவில் முதல் தனியார் தோட்டம் வந்தது. 1982இல் மன்னர் பீரேந்திரா ஜாப்பா, இலாம், பாஞ்ச்தர், தேராதும், தன்குட்டா ஆகிய ஐந்து மாவட்டங்களைத் தேயிலை மண்டலமாக அறிவித்தார். மலையில் சோளம் போட்டிருந்த சிறு விவசாயிகள் பலர் தேயிலைக்கு மாறியது அதற்கப்புறம்தான்.

ஜாப்பாவில் வெயிலும் மழையும் தாராளம். அசாம் வகைச் செடி, பெரிய இலை, கொழுந்து மளமளவென்று வரும். வாடிய இலையை வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டால் நசுங்கி, கிழிந்து, குருணையாகச் சுருண்டு விழும். சாறு முழுக்க வெளியே வந்துவிடுவதால் சீக்கிரம் கறுத்து, கொதிநீரில் போட்டதும் சாயம் இறங்கும். இலாமில் குளிரும் பனிமூட்டமும். சீன வகைச் சிறு இலை மெதுவாக வளரும், மணம் அதில்தான் சேர்கிறது. அங்கே இலையை ஓர் இரவு முழுக்க வாடவிட்டு, கிழியாமல் உருட்டி, பதம் பார்த்துச் சூடேற்றுவார்கள். ஆளும் நேரமும் அதிகம், கிடைக்கும் அளவோ குறைவு. நாட்டின் மொத்த உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி கிலோ. அதில் முக்கால் பங்குக்கு மேல் சிடிசிதான்.

நேபாளிகள் குடிப்பது எதை? சந்தேகமே இல்லாமல் ஜாப்பாவை. அங்கே காலையில் எழுந்ததும் சியா, அதாவது டீ, கூட ஒரு பிஸ்கட்டோ, அரிசிமாவில் வளையமாகப் பொரித்த செல் ரொட்டியோ. பருப்பும் சோறும் தட்டுக்கு வர ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். அதுவரை உடம்பைத் தாங்குவது அந்த ஒரு டம்ளர்தான். தண்ணீரும் பாலும் கலந்து அடுப்பேற்றி, இஞ்சியை நசுக்கிப் போட்டு, ஏலக்காய் தட்டி, தூளும் சர்க்கரையும் சேர்த்து, பொங்கி வரும்போது இறக்கி, மறுபடி பொங்கவிட்டு வடிகட்டுவார்கள். பால் தீர்ந்த வீட்டில் காலோ சியா, அதாவது கட்டஞ்சாயா. இந்த வேலைக்கு இலாம் இலை லாயக்கில்லை. பாலில் அதன் மணம் செத்துப்போகும், காசும் வீண்.

அதனால் இலாம் சரக்கில் பெரும்பகுதி எல்லை தாண்டிவிடுகிறது, முக்கியமாக இந்தியாவுக்கு. இங்கேதான் டார்ஜிலிங்கோடு தகராறு. மலைத்தொடர் ஒன்று, செடி ஒன்று, டார்ஜிலிங் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களிலும் பெரும்பாலோர் நேபாளி பேசுகிறவர்கள். ஆனால் புவிசார் குறியீடு டார்ஜிலிங்குக்கு மட்டும்தான். நேபாள இலையைத் தங்கள் பெயரில் கலந்து விற்கிறார்கள் என்பது டார்ஜிலிங்காரர்களின் புகார். புகார் நியாயம்தான். ஆனால் பெயர் இழப்பது இலாம் விவசாயியும்தானே? 2017இல் தனி மாநிலம் கேட்டு நடந்த கோர்க்காலாந்து போராட்டத்தால் டார்ஜிலிங் 104 நாள் முடங்கியபோது, வெளிநாட்டு வியாபாரிகள் பலர் நேபாளப் பக்கம் திரும்பினார்கள். டார்ஜிலிங்குக்குப் பதிலாக வைக்கும் தரம் இல்லாமலா வாங்கினார்கள்?

ஷெர்பாக்கள் ஊர்ப்பக்கம் குடிக்கும் உப்பு வெண்ணெய்த் தேநீர் இந்தப் போட்டியிலேயே இல்லை. நீள மரக் குழாயில் தேயிலைச் சாற்றோடு வெண்ணெயும் உப்பும் ஊற்றிக் கடைவது அது. டீ என்று நினைத்து வாய் வைத்தால் ஏமாற்றம். சூப் என்று நினைத்துக் குடித்தால் அந்தக் குளிருக்கு அமிர்தம்.

சரி, எதை வாங்கலாம்? பால் டீக்காக என்றால் ஜாப்பாத் தூளைத் தேடி அலைய வேண்டியதில்லை. நல்லதுதான், ஆனால் அசாம் தூளோ குன்னூர் தூளோ வீட்டில் இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. என் ஓட்டு இலாமுக்கு. அதிலும் மே, ஜூனில் பறிக்கும் இரண்டாம் பருவ இலை. மார்ச், ஏப்ரல் முதல் பருவம் வெளிறிய பச்சைவாடையோடு இருக்கும், புதிதாகக் குடிப்பவருக்கு ‘இதிலே என்ன இருக்கு’ என்று தோன்றலாம். மழைக்காலச் சரக்கு மலிவு, மணமும் அவ்வளவுதான். பாக்கெட்டில் தோட்டத்தின் பெயரும் பறித்த பருவமும் போட்டிருக்கிறதா பாருங்கள். ‘இமயமலைத் தேநீர்’ என்று மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கோப்பைக்கு ஒரு டீஸ்பூன் இலை, கொதி அடங்கிய வெந்நீர், மூன்று நிமிடம். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். வடிகட்டிய இலையைக் கொட்டிவிடாதீர்கள், இன்னொரு கோப்பைக்குத் தாங்கும்.