லைசென்ஸ் என்று சொல்லி வாங்கிய 4,150 ராண்ட்

டர்பனில் கடையோ சின்ன ஆபீஸோ வைத்திருக்கும் நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு, உங்கள் கம்ப்யூட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆள் பெயர் போடப் போவதில்லை.

தைப்பூசக் காவடி சமயம். சாட்ஸ்வொர்த்தில் என் பூஜை சாமான் கடையில் கூட்டம் நெரிகிற நேரம் பார்த்து கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே நிற்கும். பில் போடும் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் அல்ல, உபுண்டு. அதைப் பார்க்க வந்தவர் திருநெல்வேலிப் பக்கம். "அண்ணாச்சி, எந்த மெஷினு லைனைத் திங்குதுன்னு பாக்கணும்லா? அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. லைசென்ஸ் 1,800 ராண்ட், மாசம் 350" என்றார். இந்த ஊரில் யாராவது அண்ணாச்சி என்று கூப்பிட்டால் என் கை தானாகப் பர்சுக்குப் போய்விடும். கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினார். நான் டீ போட்டு வருவதற்குள் வேலை முடிந்தது.

அந்த வரி 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்டாப்-என்ஜி'. என்டாப்-என்ஜி என்ற, நெட் போக்குவரத்தைக் காட்டும் சாஃப்ட்வேரை இறக்கிப் போடச் சொல்லும் கட்டளை. ஐந்து மாதம் கழித்து ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரவுசரில் 3000ஆம் போர்ட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தவன், "மாமா, அடியில என்ன எழுதியிருக்கு பாருங்க" என்றான். 'கம்யூனிட்டி எடிஷன்'. தினமும் என் கண்ணில் பட்ட எழுத்துதான். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் சும்மா கிடைப்பது. இதிலேயே காசு கொடுத்து வாங்கும் பதிப்புகளும் உண்டு, அவர் போட்டது அதுவல்ல. போட்டுக்கொடுத்த கூலி என்று கேட்டிருந்தால் மனதார கொடுத்திருப்பேன்.

அதைவிட எரிச்சல், வைத்த இடமே தப்பு. நெட் கேபிள்களைச் சேர்க்கும் சாதாரண சுவிட்ச் பெட்டியில் செருகிய கம்ப்யூட்டருக்கு அநேகமாகத் தன்னிடம் வருவதும் போவதும்தான் தெரியும். கடை முழுக்கப் பார்க்க ரவுட்டரிலேயே வைக்க வேண்டும், அல்லது மற்ற மெஷின்களின் போக்குவரத்தையும் நகலெடுத்து அனுப்பும் போர்ட் மிரரிங்கை சுவிட்சில் போட வேண்டும். எங்கள் சுவிட்ச் அந்த வசதி இல்லாத மலிவு ரகம். ஆக, ஐந்து மாதமாக பில் மெஷின் தன்னைத்தானே வேவு பார்த்துக்கொண்டிருந்தது! பையன் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். கேமரா பெட்டியின் கேபிளைப் பிடுங்கியதும் லைன் பறந்தது. இரவு பகலாக வீடியோவை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த சாஃப்ட்வேரை வந்து எடுத்துவிடப்பா என்று போட்டவருக்கே போன் போட்டேன். வந்தார், இரண்டு நிமிடம் தட்டினார், 600 ராண்ட் கேட்டார். கடையில் ஆள் நிற்கும்போது சண்டை எதற்கு என்று கொடுத்துத் தொலைத்தேன்.

அன்று சாயங்காலம் பையன், கம்ப்யூட்டரில் போட்ட சாஃப்ட்வேர்களைப் பட்டியலிடும் 'டிபிகேஜி -எல்' கட்டளையைப் போட்டுப் பார்த்தான். என்டாப்-என்ஜி வரியின் முன்னால் 'ஆர்சி' என்று இரண்டு எழுத்து. புரோகிராம் போய்விட்டது, செட்டிங் ஃபைல்கள் இருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். 'ஆப்ட் ரிமூவ்' மட்டும் செய்திருக்கிறார். 'பர்ஜ்' கொடுத்தால்தான் அவையும் போகும். அதற்குத் துணையாகக் கூடவே வந்த ரெடிஸ் என்ற புரோகிராம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. 'ஆட்டோரிமூவ்' போட்டதும் அதுவும் போனது.

அதோடு விட்டிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். ஹோம் ஃபோல்டரில் எனக்குத் தெரியாத ஒரு யூசர், கம்ப்யூட்டரில் எதையும் மாற்றவல்ல சூடோ அதிகாரத்தோடு. பாஸ்வேர்டு இல்லாமலே யார் நுழையலாம் என்று குறித்து வைக்கும் அதன் 'ஆத்தரைஸ்டு கீஸ்' ஃபைலில் அவருடைய டிஜிட்டல் சாவி. வெளியிலிருந்து உள்ளே நுழையும் வாசலான 22ஆம் போர்ட் ரவுட்டரில் திறந்தே கிடந்தது. அதாவது, தன் வீட்டில் உட்கார்ந்தபடியே எந்த நேரமும் என் பில் மெஷினுக்குள் வந்து போகலாம். அதில் எத்தனையோ வாடிக்கையாளர்களின் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. தனிநபர் தகவலைக் காக்கும் தென்னாப்பிரிக்காவின் பாப்பியா சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. தகவல் கசிந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவன் கடைக்காரனான நான்.

யூசரை அழித்தோம், போர்ட்டை மூடினோம், எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினோம். பணத்தைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப் அனுப்பினேன். நீல டிக் விழுந்து மூன்று வாரம் ஆகிறது. ரசீதை எடுத்துப் பார்த்தால் 'சாஃப்ட்வேர் லைசென்ஸ்' என்று மட்டும் இருக்கிறது, எந்த சாஃப்ட்வேர் என்று ஒரு வார்த்தை இல்லை.