சீல் சுற்றும் கரையில் லூர் வீசி பாஸ் பிடிப்பது: சில பருவங்களின் அனுபவம்

இங்கிலாந்தின் கார்ன்வால் பாறைக்கரைகளில் லூர் (செயற்கை இரை) வீசி பாஸ் என்ற கடல்மீனைப் பிடிப்பவர்களில் பலர், சாம்பல் சீலின் (கடல்நாயின்) தலை தெரிந்ததுமே ராடை (தூண்டில் கோலை) மடக்கிவிட்டு நடையைக் கட்டுவார்கள். பல பருவங்கள் அதே கரைகளில் வீசியபின் எனக்கு அது அவசியம் என்று தோன்றவில்லை. சீல் இருக்கிறதா என்பதைவிட, அது என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மூக்கு வானத்தைப் பார்க்க, உடல் செங்குத்தாக நீருக்குள் தொங்க, அசையாமல் மிதந்தால் அது தூங்குகிறது. விட்டுவிடலாம். மூழ்கி, வெகுநேரம் கழித்து வேறு இடத்தில் எழுந்து, மறுபடி மூழ்கினால் இரை தேடுகிறது. இதுவும் முழுக்கக் கெட்ட சேதி இல்லை. சாண்ட் ஈல் என்ற சிறுமீன் கூட்டத்துக்காகத்தான் பாஸும் சீலும் கரையை ஒட்டி வருகின்றன. இந்த நேரங்களில் தூரமாக வீசி நான் கண்ட பலன் குறைவு. நுரை பொங்கும் பாறை ஓரத்தில், கரைக்கு இணையாகக் கிட்டத்தில் வீசும்போதுதான் பாஸ் கடித்திருக்கிறது.

தொல்லை என்றால் மூன்றாவது வகைதான்: நேர் எதிரே வந்து, நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும் சீல். தூண்டில்காரர் பக்கத்தில் சும்மா மீன் கிடைக்கும் என்று அதற்கு யாரோ பழக்கிவிட்டிருப்பார்கள். அங்கே இனி வீசிப் பயனில்லை, அடுத்த விரிகுடாவுக்குப் போய்விடுவேன். இருட்டிலோ கலங்கிய நீரிலோ அதற்குத் தெரியாது என்று நம்பவும் வேண்டாம். மீன் நீந்திப் போன தடத்தை, கண்ணைக் கட்டினாலும் மீசையாலேயே பிடித்துவிடும் பிராணி அது.

டேக்கிளை, அதாவது தூண்டில் சாமான்களைத்தான் நிறைய மாற்றினேன். மெல்லிய ராடில் பாஸை ஓடவிட்டு விளையாடுவது சுகம்தான், ஆனால் அந்த நேரமெல்லாம் சீலுக்குக் கொடுக்கும் அவகாசம். இப்போது 9 அடி, 10-30 கிராம் லூர் வீசும் ராட், 4000 அளவு ரீல், டிராக் (நூல் ஓடுவதைத் தடுக்கும் பிடி) இறுக்கமாக. முக்கிய நூலான பிரெய்டு 25 பவுண்டு தாங்கும், அதன் முனையில் லூரைக் கட்டும் ஃபுளோரோகார்பன் லீடர் 20 பவுண்டு. லீடர் ஒரு படி குறைவாக இருப்பது வேண்டுமென்றேதான். சீல் மீனைக் கவ்விக்கொண்டு போனால் ராடை நேராக நீட்டி, ஸ்பூலை (ரீலில் நூல் சுற்றிய உருளையை) அழுத்திப் பிடித்துவிடுவேன். லூர் பக்கம் அறுந்தால் நீளமான நூலை அது இழுத்துக்கொண்டு அலையாது.

மூன்று முனையுள்ள ட்ரெபிள் கொக்கிகளையெல்லாம் கழற்றிவிட்டு, கழலாமல் தடுக்கும் முள்ளை நசுக்கிய ஒற்றைக் கொக்கி போட்டுவிட்டேன். பாஸ் துள்ளும்போது சில தப்பும், அது பரவாயில்லை. கொக்கி மாட்டிய சீலைக் கரையில் கண்டால் நாமே கழற்றப் போகக்கூடாது. அதன் கடியால் விரல் வீங்கிப் புண்ணாகும் தொற்றுக்கு ‘சீல் ஃபிங்கர்’ என்றே பெயர் உண்டு. கடல் உயிர்களை மீட்கும் அமைப்பான பிரிட்டிஷ் டைவர்ஸ் மரைன் லைஃப் ரெஸ்க்யூ ஆட்களைக் கூப்பிடுங்கள். மீனைக் காப்பாற்றுகிறேன் என்று சீலைக் காயப்படுத்துவதற்கும் சட்டத்தில் இடமில்லை. வலையைக் காக்கச் சுடலாம் என்று இருந்த பழைய விலக்கையே 2021 மார்ச் 1 முதல் எடுத்துவிட்டார்கள்.

அப்புறம், விடும் மீன். 42 செ.மீ.க்குக் குறைந்த பாஸை வைத்துக்கொள்ள முடியாது, எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்ற விதியும் ஆண்டுக்காண்டு மாறுகிறது. ஆக, விடுவதே அதிகம். களைத்த மீனைச் சீல் நிற்கும் பக்கம் எறிவது அதற்கு ஊட்டிவிடுவதுதான். நான் சற்றுத் தள்ளிப் போய், பாறைக் குழிவில் வாலை உதறும்வரை பிடித்திருந்து விடுகிறேன்.

லூரில் என் கை அதிகம் போவது 12 செ.மீ. பிளாக் மின்னோ என்ற மென்மையான மீன் வடிவ லூருக்கு. ஒற்றைக் கொக்கி உடலுக்குள் மறைந்திருப்பதால் பாசியிலும் பாறையிலும் சிக்குவது குறைவு. நீரின் மேல்மட்டத்தில் ஓடும் லூர்களைச் சீல் இரை தேடும்போது பையிலேயே வைத்துவிடுவேன். மற்ற நாட்களில், அதிலும் காற்றில்லாத விடியலில், அவற்றுக்கு ஈடில்லை. ட்ரெபிளை எடுத்தபின் சில லூர்கள் ஒருபக்கமாகச் சாயும். வால் பக்கக் கொக்கியைக் கொஞ்சம் தடித்ததாகப் போட்டால் நடை சரியாகிவிடுகிறது.