ஏ2, ஏ4, ப்ளீச் ஷேட்: எதற்கு எவ்வளவு நேரம் லைட்?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் பல் கிளினிக். பல் நிறத்திலேயே அடைக்கும் ரெசின் பசை, நீல லைட் காட்டினால்தான் இறுகும். அந்தப் பசையின் நிறம்தான் ஷேட்: ஏ2 வெளிர், ஏ4 அடர், ப்ளீச் ஷேட் வெளுத்த பல்லுக்கான வெள்ளை. வெற்றிலை பாக்குக் கறையோடு வரும் அண்ணாச்சிக்கு ஏ4 ஷேட் பொருந்தும். பல்லை வெளுத்து, இரண்டு வாரம் கழித்து முன்பல் அடைக்க வரும் கல்யாணப் பெண்ணுக்கு ப்ளீச் ஷேட். ஒரே லைட்டை இருவருக்கும் இருபது நொடி காட்டி அனுப்பினால் இரண்டும் சொதப்பலாம், ஆனால் காரணம் வேறு வேறு.

முதலில் ஏ4. அதிலுள்ள அடர்ந்த நிறமிகள் நீல ஒளியைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும். நம்பாதவர்கள் கறுப்பு ஸ்ட்ராவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றில் ஏ2, ஒன்றில் ஏ4 அடைத்து, மேலிருந்து மட்டும் இருபது நொடி காட்டுங்கள். வெளியே தள்ளி, அடியிலிருக்கும் பிசுக்கை பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டினால், மிஞ்சுவதில் ஏ4 துண்டு குட்டையாக இருக்கும். மேல்பக்கம் இரண்டும் கல் மாதிரிதான். ப்ரோபால், அதாவது பல்லைத் தட்டிப் பார்க்கும் கூர்முனைக் கருவியால், தட்டினால் ஒரே சத்தம். அந்தச் சத்தத்தை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். அடைத்த பல்லுக்கு அடியிலேயே மறுபடி சொத்தை!

அடைக்கும் ரெசினுக்கான சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 4049-இல் உள்ள சோதனையும் கிட்டத்தட்ட இதே சுரண்டல்தான். மிஞ்சிய நீளத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால் அடர் ஷேட்டுக்கு 2 மி.மீ. அடுக்கு வேண்டாம். ஒன்று, ஒன்றரை போதும், நேரம் நாற்பது நொடி. இன்னொன்று, கடைவாய்ப்பல்லில் யார் நிறம் பார்க்கப் போகிறார்கள்? அங்கே அண்ணாச்சிக்கும் நான் ஏ2-தான் போடுகிறேன்.

அப்படியென்றால் ப்ளீச் ஷேட் இன்னும் சுலபம்தானே? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ரெசினை இறுகவைக்கும் கேம்ஃபர்குவினோன் தானே மஞ்சள் நிறம். 470 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளி அதற்குப் பிடிக்கும். வெள்ளை கெடாமல் இருக்க, சில ப்ளீச் ஷேட்களில் அதைக் குறைத்து, டிபிஓ என்ற இன்னொரு இறுகவைக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். டிபிஓ-வுக்கு வேண்டியது 410-க்குக் கீழுள்ள ஊதா ஒளி. நீலம் மட்டும் தரும் எல்.இ.டி. லைட்டில் அது கிடைக்காது. எவ்வளவு நேரம் காட்டினாலும் டிபிஓ பெரிதாக அசையாது. பழைய ஹாலஜன் லைட்டில் இந்தத் தொல்லை குறைவு, 400 முதல் 500 வரை எல்லாமே வரும். இப்போது நீலத்தோடு ஊதாவும் தரும் பாலிவேவ் எல்.இ.டி. லைட் வேண்டும். அதிலும் ஊதா ஒளி ஆழமாக இறங்காது, ஆகவே இதற்கும் மெல்லிய அடுக்குதான். டப்பாவோடு வரும் தாளில் டிபிஓ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சிரிஞ்சைத் திறங்கள்.

பல்க் ஃபில் என்று தடிமனாக அடைக்கவே ஒரு ரெசின் வகை உண்டு. அது ஒளியை நன்றாக உள்ளே விடும், 4 மி.மீ. வரை ஒரே அடுக்காகப் போடலாம். ஆனால் பார்க்கச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். முன்பல்லுக்கு நான் தொடுவதில்லை.

போன வாரம் அண்ணாச்சியின் முன்பல்லில் மூன்று அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் நாற்பது நொடி. வாயை மூடியதும், "என்ன டாக்டரம்மா, எக்ஸ்ரே எடுக்கவே இவ்வளவு நேரம் ஆகலையே?" என்றார்.