சின்ன டெர்மினல் போர்டும் சென்னைக் காற்றும்: சில மழைக்காலம் கழித்துத் திறந்து பார்த்தால்

மொட்டை மாடி மோட்டார் பெட்டி, ஏசி அவுட்டோர் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸ், கேட் மோட்டார் கன்ட்ரோல் என்று எதை எடுத்தாலும், மூன்று நான்கு மழைக்காலம் கழித்துத் திறக்கும்போது ஒயர் நன்றாகத்தான் இருக்கும். ஒயர் வந்து சேரும் இடம், அதாவது டெர்மினல்தான் கெட்டிருக்கும். திருவான்மியூர், பட்டினப்பாக்கம், காசிமேடு, எண்ணூர் என்று கடல் பக்கம் போகப் போக இது இன்னும் சீக்கிரம் தெரியும். வாங்கும்போது ஒரே மாதிரி தோன்றும் டெர்மினல்கள் இங்கே எப்படி முதுமை அடைகின்றன, சின்ன இடத்தில் போர்டு அமைக்கும்போது எதில் கஞ்சத்தனம் பண்ணலாம், எதில் கூடாது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைப்போம். போர்டு சின்னதாக வேண்டும் என்றதும் எல்லோரும் பித்தளையின் அளவைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் அளவைத் தீர்மானிப்பது இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு. ஆகாயத்தில் நேராகத் தாண்டும் தூரம் கிளியரன்ஸ். பிளாஸ்டிக்கின் மேல் ஊர்ந்து போகும் தூரம் கிரீப்பேஜ். 230/400 வோல்ட் லைனில், 4 கிலோவோல்ட் சர்ஜ் (திடீரென ஒரு கணம் பாயும் உயர் வோல்ட்டேஜ்) வரும் என்று எடுத்துக்கொண்டால், காற்றில் 3 மி.மீ. போதும். ஊர்ந்து போகும் தூரத்துக்கோ அழுக்கும் ஈரமும் சேரும் இடத்தில் இன்னும் அதிகம் தேவை.

இன்சுலேஷன் தூரங்களுக்கான சர்வதேசத் தரவிதியான ஐஇசி 60664-1 கணக்கின்படி, ஈரத்தூசி படியும் சூழலில் (மாசு நிலை 3) 250 வோல்ட்டுக்கு நல்ல பொருளில் 3.2 மி.மீ., மட்டமான பொருளில் 4 மி.மீ. 400 வோல்ட்டுக்கு அதுவே 5 மி.மீ., 6.3 மி.மீ. ஏசி அறைக்குள் சுத்தமாக இருக்கும் பேனலில் (மாசு நிலை 2) 250 வோல்ட்டுக்கு 1.25 முதல் 2.5 மி.மீ. வரை போதும். சென்னையில் வெளியே மாட்டும் எந்தப் பெட்டிக்கும் நிலை 3 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூடி இருக்கிறதே என்ற சமாதானம் இங்கே செல்லாது, காரணம் பின்னால் வருகிறது.

நல்ல பொருள், மட்டமான பொருள் என்பதைப் பிரிப்பது சிடிஐ என்ற எண். பிளாஸ்டிக்கின் மேல் 0.1 சதவீத அம்மோனியம் குளோரைடு கரைசலை 30 விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் 50 சொட்டு விட்டு, எத்தனை வோல்ட் வரை கரித்தடம் விழாமல் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். 600 அல்லது அதற்கு மேல் தாங்கினால் முதல் குழு, 400 முதல் 599 வரை இரண்டாவது, அதற்குக் கீழே மூன்றாவது. ஆய்வகத்தில் உப்புத் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டுச் செய்வதை இங்கே கடல் காற்று இலவசமாகச் செய்துகொடுக்கிறது.

கரித்தடம் விழும் விதம் இதுதான். தூசியும் உப்பும் சேர்ந்து ஈரமானதும் மேற்பரப்பில் மிகச் சிறிய கரண்ட் ஓடும். அந்தச் சூட்டில் ஈரம் ஒரு கோடாகக் காயும். காய்ந்த கோட்டின் குறுக்கே மைக்ரோ பொறி பறக்கும். பொறி பட்ட இடம் கரியாகும், கரி கரண்டைக் கடத்தும். அடுத்த மழையில் அந்தக் கரி இன்னும் கொஞ்சம் நீளும். ஒரு நாள் இரண்டு முனையும் சேர்ந்து டப்பென்று எம்சிபி விழும்.

இந்தக் கணக்கில் பேக்லைட் (பழைய சுவிட்சுகளில் வரும் கடினமான பிளாஸ்டிக்) கடைசி வரிசை. சூட்டில் உருகாது, திருகைப் பலமாகப் பிடிக்கும், மரை சீக்கிரம் தேயாது. ஆனால் சிடிஐ குறைவு. ஒரு தடவை கரி பிடித்தால் நிற்காது. உலர்ந்த பேனலுக்குள் பல ஆண்டு ஓடும் அதே பேக்லைட் ஸ்ட்ரிப், கடலைப் பார்த்த சுவரில் கறுக்கும். நைலான் 66, அதாவது தரமான டின் (DIN) ரெயில் என்ற உலோகப் பட்டையில் வரிசையாக மாட்டும் டெர்மினல்களில் வரும் பொருள், 600 வகையைச் சேர்ந்தது. மேற்பரப்பு விஷயத்தில் இதுதான் சென்னைக்குச் சரி. ஈரத்தை உறிஞ்சும் என்பதும், நேர் வெயிலில் நொறுங்கும் என்பதும் அதன் குறைகள். கீசர், ஹீட்டர் வாயில் வைத்தால் மஞ்சளாகி உடையும். அங்கே பளபளப்புப் பூச்சுள்ள பீங்கான் கனெக்டருக்கு மாற்று இல்லை. கைதவறினால் உடையும், அவ்வளவுதான்.

வெள்ளையாக, வரிசையாக 12 வாய் வரும் கனெக்டர் ஸ்ட்ரிப்பில்தான் ஏமாற்று அதிகம். வெளித்தோற்றத்தில் நைலானும் பாலிஎத்திலீனும் பிவிசியும் ஒன்றுபோலவே இருக்கும். ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டி, திறந்த வெளியில் குறட்டில் பிடித்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும். மெழுகு வாசனையோடு எரிந்து சொட்டினால் பாலிஎத்திலீன், முடி கருகிய வாசனை வந்தால் நைலான், மூக்கை எரிக்கும் புகை வந்து, தீயை எடுத்ததும் அணைந்தால் பிவிசி. கடைசிப் புகையை முகர்ந்து பார்க்க வேண்டாம், தூரத்திலேயே தெரியும். மெழுகு வாசனைக்காரனை மெயின் லைன் பக்கமே சேர்க்காதீர்கள்.

உலோகத்துக்குக் காந்தச் சோதனை எல்லோரும் சொல்வது. அதில் ஒரு திருத்தம் தேவை. கனெக்டர் ஸ்ட்ரிப்பின் குழாய் காந்தத்தில் ஒட்டினால் அது பூச்சுப் போட்ட இரும்பு, தள்ளுங்கள். ஆனால் டின் ரெயில் டெர்மினலில் ஒயரை அழுத்தும் கூண்டும் திருகும் எஃகாக இருக்கலாம், அது தவறில்லை. கரண்ட் ஓடும் உள்பட்டை செம்பு அல்லது பித்தளையாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

இனி இடத்தைச் சுருக்கும் விஷயம். ஊர்ந்து போகும் வழியைக் குறைக்க முடியாது, ஆனால் மடிக்கலாம். இரண்டு டெர்மினலுக்கு நடுவே நிற்கும் தடுப்புச்சுவர் அதைத்தான் செய்கிறது. உலோகத்துக்கு மேலே 4 மி.மீ. உயரம், 1.5 மி.மீ. தடிமன் என்றால், ஏறி இறங்கும் வழி 9.5 மி.மீ. ஆகிறது, அகலத்தில் போனது வெறும் 1.5 மி.மீ. சுவருக்குப் பதிலாகப் பள்ளம் வெட்டினாலும் கணக்கு இதேதான், ஆனால் நிலை 3 சூழலில் பள்ளத்தின் அகலம் 1.5 மி.மீ.க்குக் குறைந்தால் அதை இல்லாததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அழுக்கு அடைத்துக்கொண்டு நேர்வழி ஆகிவிடும். ஹேக்சா பிளேடால் கோடு கிழித்துவிட்டுத் தூரம் கூடிவிட்டது என்று நினைப்பது வீண். இரண்டில் சுவர்தான் நல்லது. பள்ளத்தில் தூசி தங்கும், சுவரில் வழியும். போர்டை நிறுத்தி மாட்டினால் இன்னும் நல்லது.

ஹைலம் ஷீட்டில் (பிசின் ஊறிய அடுக்குகளை அழுத்திச் செய்த இன்சுலேஷன் பலகை) கையால் போர்டு செய்பவர்கள் இன்னும் நிறைய. மோட்டார் ரீவைண்டிங் பட்டறைகளில் அதுதான் வழக்கம். 6 மி.மீ. ஷீட், எம்4 (4 மி.மீ. விட்டம்) பித்தளை ஸ்டட், 9 மி.மீ. வாஷர் என்று வைத்தால், 230 வோல்ட்டுக்கு ஸ்டட் நடுவிலிருந்து நடு 13 மி.மீ., 400 வோல்ட்டுக்கு 16 மி.மீ. இதற்குக் கீழே போகாதீர்கள். லக் (ஒயர் முனையில் போடும் உலோக வளையம்) சாய்ந்து உட்கார்ந்தால் இந்தக் கணக்கும் போச்சு, அதனால் இறுக்கும்போது லக்கை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவே ஹைலம் துண்டைத் தடுப்பாக நிறுத்துவதானால் எபாக்ஸியால் முழு நீளமும் ஒட்டுங்கள். ஒட்டாமல் செருகி வைத்த தடுப்பு கணக்கில் சேராது. கரண்ட் அதன் அடியில் உள்ள இடுக்கு வழியாகப் போய்விடும்.

ஷீட்டை வெட்டிய ஓரத்தையும், டிரில் போட்ட ஓட்டையின் உள்பக்கத்தையும் வார்னிஷால் அடைக்க வேண்டும். ஈரம் புகுவது அந்த வெட்டுவாய் வழியாகத்தான். பின்பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது: ஸ்டட் தலைக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவே 10 மி.மீ. ஸ்பேசர், அதோடு ஒரு இன்சுலேஷன் ஷீட். முன்பக்கம் எல்லாம் அழகாக இருந்து, பின்னால் பாடி எர்த் ஆகும் (கரண்ட் பெட்டிக்குக் கசியும்) போர்டுகள் இப்படித்தான் உருவாகின்றன.

ஸ்டட்டில் வாஷர் வரிசை மாறுவது இன்னொரு பழைய வியாதி. அடியில் பித்தளை நட், அதன் மேல் நேரடியாக லக், இரண்டாவது லக் இருந்தால் முதல் லக்கின் மேலேயே, பிறகு பிளாட் வாஷர், ஸ்பிரிங் வாஷர், மேல் நட். லக்குகளுக்கு நடுவே இரும்பு வாஷர் போனால் கரண்ட் இரும்பு வழியாகப் போக வேண்டிவரும். அது துருப்பிடிக்கும், சூடாகும், பிறகு லக் நீலம் பாரிக்கும்.

ரெடிமேட் டின் ரெயில் டெர்மினல் எடுப்பவர்களுக்கு அளவுக் கணக்கு சுலபம். 2.5 ச.மி.மீ. ஒயருக்கான டெர்மினல் சுமார் 5 மி.மீ. அகலம், 24 ஆம்பியர், 4 ச.மி.மீ. சுமார் 6 மி.மீ., 32 ஆம்பியர், 6 ச.மி.மீ. சுமார் 8 மி.மீ., 41 ஆம்பியர். எட்டு வாய்க்கு 4 ச.மி.மீ. வகை எடுத்தால், இரண்டு பக்க ஸ்டாப்பரும் எண்ட் பிளேட்டும் சேர்த்து 70 மி.மீ. அளவு. 35 மி.மீ. ரெயிலை 80 மி.மீ. துண்டாக வெட்டினால் 150 × 110 × 70 பெட்டியில் ஒயர் வளைக்க இடம் விட்டு உட்காரும். டெர்மினலின் ஒரு பக்கம் திறந்திருக்கும் என்பதால், வரிசையின் கடைசியில் எண்ட் பிளேட் கட்டாயம். பாரிமுனைக் கடைகளில் கேட்டால்தான் தருவார்கள், தானாக வராது. நீள ஜம்பரை (பக்கத்து வாய்களை இணைக்கும் உலோகப் பட்டையை) வெட்டிப் போட்டால் வெட்டுவாயில் உலோகம் தெரியும். அந்த இடத்திலும் ஒரு பார்ட்டிஷன் பிளேட் வையுங்கள்.

சர்க்யூட் போர்டில் பச்சை, நீலக் கனெக்டர் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிச்சி தெருவில் எங்கும் கிடைக்கும் 5.08 மி.மீ. இடைவெளி வகையில், 2.5 மி.மீ. பேட் (ஈயம் பற்றவைக்கும் செம்பு வட்டம்) வைத்தாலே நடுவே மிஞ்சுவது 2.58 மி.மீ. சுத்தமான அறைக்குள் 230 வோல்ட்டுக்கு விளிம்பில் நிற்கும். வெளிப் பெட்டிக்கு 4 மி.மீ. வேண்டும், அது போதாது. 7.62 மி.மீ. வகைக்குப் போங்கள். பற்றவைப்பில் மிஞ்சும் ஃபிளக்ஸ் பிசினைக் கழுவாமல் விட்டால் அதுவும் வீண்.

இறுக்கம் பற்றி. எம்3 திருகுக்கு 0.5 நியூட்டன் மீட்டர், எம்3.5க்கு 0.8, எம்4க்கு 1.2, எம்5க்கு 2. டார்க் டிரைவர் (இறுக்கத்தை அளந்து திருகும் ஸ்க்ரூ டிரைவர்) இல்லாதவர்கள் எம்3ஐ நிச்சயம் அதிகமாக இறுக்குகிறார்கள், எம்5ஐக் குறைவாக. லூஸ் கான்டாக்ட்டில் 10 மில்லிஓம் தடை இருந்தால், 16 ஆம்பியரில் அந்தப் புள்ளியில் மட்டும் 2.56 வாட் சூடு. கேட்க அற்பம், பட்டாணி அளவு இடத்தில் நைலானைப் பழுப்பாக்க அது போதும்.

பிரி ஒயர் (பல மெல்லிய இழைகள் சேர்ந்த ஒயர்) முனையில் ஈயம் வைத்துத் திருகுவது வேண்டவே வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து விலகும், ஆறு மாதத்தில் திருகு தானாக லூஸாகும். அதற்குப் பதில் பின் லக் அல்லது ஃபெரூல் (இழைகளை மூடும் சிறு உலோகக் குழாய்) போட்டு கிரிம்ப் செய்யுங்கள், அதாவது நசுக்கி இறுக்குங்கள். ஃபெரூலின் நிறமே அளவு: 1 ச.மி.மீ. சிவப்பு, 1.5 கறுப்பு, 2.5 நீலம். திருகு நுனி நேராகப் பிரியைக் குத்தும் கனெக்டர் ஸ்ட்ரிப்பில் ஃபெரூல் இல்லாவிட்டால் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடும். லீவர் வகை எடுத்தால் வாகோ 221 போன்றவை 4 ச.மி.மீ. வரை, 32 ஆம்பியர், 11 மி.மீ. தோல் உரிக்க வேண்டும். அதிர்வு உள்ள இடத்தில் திருகை விட ஸ்பிரிங் வகைதான் நிலைக்கிறது. போலிகளும் அதே ஆரஞ்சு லீவரோடு வருகின்றன என்பது தனிக் கதை.

மூடிய பெட்டிக்குள் ஈரம் எப்படி வருகிறது என்ற கேள்விக்கு வருவோம். ஐபி65 (தூசியும் நீர்த்தாரையும் புகாத தரம்) பெட்டி வெயிலில் சூடாகும், உள்ளே காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். மாலை மழை கொட்டியதும் பெட்டி சட்டென்று குளிர்ந்து காற்றை உள்ளே இழுக்கும், கிளாண்ட் (கேபிள் நுழையும் வாயில் உள்ள இறுக்கி) ஓரத்தில் தேங்கிய தண்ணீரோடு சேர்த்து. மேல்பக்கம் கேபிள் நுழைத்த பெட்டிகளில் இது கண்கூடு. கேபிள் அடியிலிருந்து வரட்டும், நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள், அடியில் பிரீதர் (காற்று போய்வர விடும் சிறு அடைப்பான்) ஒன்று போடுங்கள். சிலிக்கான் தடவுவதானால் வினிகர் வாசனை வராத நியூட்ரல் வகையை வாங்குங்கள். புளிப்பு வாசனை வகை காயும்போது வரும் ஆவி பித்தளையையும் செம்பையும் பச்சையாக்கும். உபயோகிக்காத ஓட்டைகளை அடைக்க மறந்தால் எறும்பும் பல்லியும் குடிவரும். பல்லிக்குக் கிரீப்பேஜ் கணக்கு தெரியாது.

தாழ்ந்த பகுதிகளில் எதைப் போட்டாலும் உயரம்தான் முதல் இன்சுலேஷன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற மட்டத்தை அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டு, அதற்கு மேலே மாட்டுங்கள். ஒரு தடவை வெள்ளத்தில் மூழ்கிய டெர்மினல் போர்டைக் காயவைத்து மறுபடி போடுவதில் மிச்சம் ஒன்றுமில்லை. கூண்டுக்குள் போன உப்பும் சேறும் வெளியே வராது.

பராமரிப்பு சின்னது. மாட்டிய மறுநாள் ஒரு தடவை, பிறகு ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, சப்ளையை நிறுத்தி, நிறுத்தியதை டெஸ்டரில் உறுதிசெய்துவிட்டு, இறுக்கம் பாருங்கள். எலக்ட்ரானிக் பாகங்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) வைத்தால் 1 மெகா ஓமுக்குக் கீழே போகக் கூடாது. அந்த எல்லையை விட ரீடிங் ஆண்டுக்கு ஆண்டு எப்படி இறங்குகிறது என்பதுதான் முக்கியம், எனவே மூடியின் உள்பக்கம் பென்சிலில் தேதியோடு எழுதி வையுங்கள்.  லோடு ஓடும்போது மில்லிவோல்ட் அளக்கத் தெரிந்தவர்கள், ஒரு டெர்மினலின் இரு முனைக்கும் நடுவே பார்க்கலாம். 10 ஆம்பியரில் 13 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினாலோ, பக்கத்து வாய்களைவிட ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினாலோ அதைத் திறக்க வேண்டும்.

கரி பிடித்த பேக்லைட்டையோ ஹைலத்தையோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்து மறுபடி மாட்டுகிறார்கள். தேய்ப்பதில் மேல்கரி போகும், துளைக்குள் போன கரி அப்படியே இருக்கும். வார்னிஷ் அதை மூடி வைக்கும், அவ்வளவே. நைலானில் கறுப்பு தெரிந்தால் பெரும்பாலும் அது மேற்பரப்புக் கரியல்ல, லூஸ் கான்டாக்ட் சூடு. அந்த ஒரு டெர்மினலை மட்டும் மாற்றினால் போதும், கூடவே கருகிய ஒயர் முனையையும் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு.