காலையில் ஒரு கால், மாலையில் ஒரு கால்: பாதம் தொங்குகிறவர்களுக்கு எந்த பிரேஸ்?

என் வலது ஷூவைத் திருப்பிப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். இடது ஷூ புதிதுபோல இருக்கிறது. வலதில் பெருவிரல் பக்கம் மட்டும் ரப்பர் தேய்ந்து உள்துணி தெரிகிறது. பாதத்தைத் தூக்கும் தசைக்கு மூளை அனுப்பும் கட்டளை பாதி வழியில் மங்கிவிடுவதால், ஒவ்வொரு எட்டிலும் நுனி தரையை உரசுகிறது. எனக்கிருக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் (எம்.எஸ்., மூளையிலும் முதுகுத்தண்டிலும் நரம்புகளின் உறை சிதையும் நோய்) கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. காலையில் ஒழுங்காக எழும்பும் பாதம், அரை மணி நேரம் நடந்ததும் அல்லது உடம்பு சூடேறியதும் தொங்கிவிடும். நான் முதல் பிரேஸை, அதாவது பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் சாதனத்தை, வாங்கியது காலைக் காலுக்கு. நான்கு எட்டு நடந்து பார்த்தேன், பிரமாதம் என்றேன், மாலையில் வாசற்படியில் இடறி விழுந்தேன்.

அந்த முதல் பிரேஸ் துணிப்பட்டை வகை. கணுக்காலைச் சுற்றி ஒரு பட்டை, அதிலிருந்து ஷூ நாடாவுக்கு ஒரு எலாஸ்டிக் இழுவை, அவ்வளவுதான். கணுக்கால் கட்டுப்படாது, மாடிப்படி ஏறலாம், சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம். களைத்தால் மட்டும் தொங்கும் பாதத்துக்கு இது போதும். பாதம் உட்பக்கமாகத் திரும்பினாலோ, கெண்டைத்தசை இறுகிப் பாதத்தைக் கீழே தள்ளினாலோ எலாஸ்டிக் தோற்றுவிடும். விரல்கள் மரத்துப்போனவர்கள் வாங்கும் முன் அந்தச் சின்னக் கொக்கியைத் தாங்களே மாட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு அது தினமும் ஐந்து நிமிடச் சண்டை.

பிளாஸ்டிக் ஏ.எஃப்.ஓ.வை (கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்துத் தாங்கும் பிரேஸ்) எல்லோரும் ஒரே பொருளாகப் பேசுகிறார்கள். கெண்டைக்குப் பின்னால் மெல்லிய பட்டையாக இறங்கும் ஸ்பிரிங் வகை பாதத்தைத் தூக்கிக் கொடுக்கும், அதற்கு மேல் எதுவும் செய்யாது. கணுக்காலையே மூடிய கெட்டி வகை வேறு சாதி: இறுக்கத்தை அடக்கும், பாதம் புரளாமல் பிடிக்கும், முழங்கால் பின்னுக்கு வளைவதையும் தடுக்கும். இதற்கு விலை நாற்காலியிலிருந்து எழும்போது தெரியும். முன்னங்கால் (முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி) முன்னே சாய முடியாததால் உடம்பை உந்தித்தான் எழ வேண்டும்; சரிவில் இறங்குவதும் அப்படியே. வலது காலில் போட்டுக்கொண்டு கார் ஓட்டுவதை மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. எங்காவது அழுத்தினால் சூடுகாட்டி வளைத்துத் திருத்தலாம் என்பது பிளாஸ்டிக்கின் பெரிய வசதி. உணர்ச்சி குறைந்த காலுக்கு இது சாதாரண விஷயமில்லை. புண்ணாகும்வரை வலியே தெரியாமல் போகலாம். பிரேஸைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் சிவப்பு மறையவில்லை என்றால் அந்த இடத்தைத் திருத்தியாக வேண்டும்.

கார்பன் ஃபைபரை முதன்முறை போட்டபோது யாரோ பின்னாலிருந்து மெல்ல உந்திவிட்டதுபோல இருந்தது. எட்டு வைக்கும்போது தகடு வளைகிறது, குதிகால் எழும்போது அந்த விசையைத் திருப்பித் தருகிறது. எடையும் குறைவு. களைப்போடு வாழ்கிறவருக்கு இந்த இரண்டும் பெரிய உதவி. ஆனால் தசை இறுக்கம் அதிகமுள்ள காலை அந்தத் துள்ளல் சீண்டிவிட்டு, கணுக்கால் தடதடவென்று நடுங்கத் தொடங்கலாம். அவர்களுக்கு அசிங்கமான கெட்டிப் பிளாஸ்டிக்கே மேல். முழங்கால் மடங்கிச் சரிகிறதென்றால் பொதுவாகத் தகடு முன்னங்காலின் முன்பக்கம் வருவதைப் பார்க்கிறார்கள். பின்னுக்கு வளைகிறதென்றால் பின்பக்கம் தாங்குவதை. கார்பனைச் சூடுகாட்டித் திருத்த முடியாது என்பதால் அளவு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.

ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே வைக்கும் பிரேஸ் என்றால் ஷூவுக்குள் இருக்கும் மெத்தைத் தாளை (இன்சோல்) எடுத்துவிட்டுப் போட வேண்டியிருக்கும், அரை அளவு பெரிய ஷூவும் தேவைப்படலாம். குதிகால் உயரம் மாறினால் பிரேஸின் சாய்வும் மாறும். ஆகவே தினமும் போடும் ஷூவோடுதான் அளவெடுக்கப் போக வேண்டும்.

மின்தூண்டல் கருவி இந்தக் கூட்டத்தில் தனி ஆள். முழங்காலுக்குக் கீழே, வெளிப்புறம் ஓடும் நரம்பின் மேல் மின்முனையை ஒட்டினால், எட்டு எடுக்கும் நொடியில் சிறு மின்துடிப்பு பாய்ந்து நம் தசையே பாதத்தைத் தூக்குகிறது. 1961இல் லிபர்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் முன்வைத்த யோசனை இது. எம்.எஸ்.ஸில் பழுது மூளையிலும் முதுகுத்தண்டிலும். காலுக்குப் போகும் நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, அதனால் இது வேலை செய்கிறது. முழங்கால் அருகே நரம்பே அடிபட்டவருக்கு இது பொதுவாக உதவாது. எந்தச் சிகிச்சையைப் பயன்படுத்தலாம் என்று மதிப்பிட்டுச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு, மூளை, முதுகுத்தண்டுப் பாதிப்பால் பாதம் தொங்குவோருக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று 2009இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. குதிகாலுக்கடியில் ஸ்விட்ச் வைக்கும் கருவிகள் உண்டு. காலின் சாய்வைத் தானே உணரும் கருவிகளை வெறுங்காலோடும் போடலாம், வீட்டுக்குள் இது பெரிய விடுதலை. சங்கடம் மின்முனையில்தான். ஒரு விரல் அகலம் தள்ளி ஒட்டினேன், பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. தோல் அரிக்கலாம், சிலருக்கு அந்தக் குறுகுறுப்பே பிடிக்காது. பேஸ்மேக்கர் இருந்தாலோ, வலிப்பு கட்டுக்குள் இல்லாவிட்டாலோ மருத்துவர் சம்மதமின்றித் தொடக் கூடாது. விலையும் கையைக் கடிக்கும்; கருவியை இரவல் வாங்கியாவது சில வாரம் போட்டுப் பார்க்காமல் சொந்தமாக வாங்க வேண்டாம்.

தொடையே மேலே எழவில்லை என்றால் இவற்றில் எதுவும் முழுதாகக் காப்பாற்றாது. அதை பிசியோதெரபிஸ்ட் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான் இப்போது வெளியே கார்பன், வீட்டுக்குள் ஒன்றுமில்லை, சின்ன நடைக்குப் பையில் பழைய துணிப்பட்டை என்று ஓட்டுகிறேன். கார்பனுக்கு அளவெடுக்க அன்றைய கடைசி நேரத்தைக் கேட்டு வாங்கினேன். லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படியில் ஏறி, நடைபாதையில் இரண்டு சுற்று நடந்து, வலது ஷூ சரக் சரக் என்று உரசத் தொடங்கிய பிறகே உள்ளே போய்க் காலை நீட்டினேன்.