காருக்கு எல்இடி லைட் மாட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாவற்றிலும் பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டித் தருகிறோம், வயரில் கையே வைக்க மாட்டோம் என்று ஆக்சசரீஸ் கடைக்காரர் யாராவது சொன்னால் உடனே சரி என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். சென்னையில் ஒரு கடையில் இதையே சொல்லி என்னிடம் 9,500 ரூபாய் வாங்கினார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அவர்கள் செய்துவைத்த வேலையோடு என் குடும்பம் அந்தக் காரில் இரவு நேரத்தில் ஊருக்குப் போனது என்பதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

என்னுடையது எச்4 ஹாலஜன் பல்பு போட்ட சின்ன ஹேட்ச்பேக். கடையில் காட்டிய பெட்டியில் ஜோடி 160 வாட், 20,000 லூமென் என்று அச்சிட்டிருந்தது. பேட்டரிக்கு மிச்சம், இரண்டு வருட வாரண்டி என்றார்கள். கம்பெனி வாரண்டி முடியாத வண்டி என்பதால் வயரை வெட்டுவீர்களா என்று தெளிவாகவே கேட்டேன். "ஒரு வயரையும் தொட மாட்டோம் சார், கப்ளர் டு கப்ளர்தான்" என்றார் முதலாளி, அதாவது பிளக்கைக் கழற்றி அதே இடத்தில் மாட்டுவது மட்டும்தானாம். வேலை நடக்கும் இடத்துக்கு மட்டும் வர வேண்டாம், உள்ளே ஏசியில் உட்காருங்கள் என்றார்கள். முடிந்ததும் எதிர்ச் சுவரில் லைட்டைப் போட்டுக் காட்டினார்கள். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

சுவரில் அடித்துக் காட்டுவதுதான் இந்த வியாபாரத்தில் பெரிய தந்திரம் என்று இப்போது சொல்வேன். சில அடி தூரத்தில் எந்த எல்இடியும் பிரமாதமாகத்தான் தெரியும். ஜிஎஸ்டி ரோட்டில் இறங்கியதும் கதை மாறியது. பானெட்டுக்கு முன்னால் கொஞ்ச தூரம் பால் கொட்டினாற்போல் வெளிச்சம், அதைத் தாண்டினால் இருட்டு. எதிரில் வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்து லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். மேல்மருவத்தூர் பக்கம் டீ குடிக்க நிறுத்தியபோது ஒரு லாரி டிரைவர் நேராக வந்து, "தம்பி, டிம்மாவது பிரைட்டாவது, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. கண்ணு அவிஞ்சுபோவுது" என்றார். அவர் கோபத்தில் முழு நியாயம் இருந்தது.

காரணம் இதுதான். எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும், பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்கு அடியில் ஒரு குட்டித் தகரக் கிண்ணம் உண்டு. கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடும். அதனால் பல்புக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டும் வேலை செய்து, ஒளியைச் சாலையில் இறக்கும். நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுவதால் அந்த ஒளியின் விளிம்பு வலப்பக்கம் மட்டமாகவும் இடப்பக்கம் சற்று மேலேறியும் இருக்கும். கண்ணாடிக் கூடு முழுவதும் அந்த இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடிவமைத்தது. எல்இடி சிப் அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் ஒளி எதிரே வருபவர் கண்ணுக்குத்தான் போகும். ஜெர்மனியில் 2020 முதல் சாலைக்கு அனுமதி பெற்ற எல்இடி மாற்று பல்புகள் விற்பனைக்கு இருக்கின்றன. அங்கேகூட எந்தக் கார் மாடலில் எந்தப் பல்பு போடலாம் என்று பட்டியல் வைத்துத்தான் அனுமதிக்கிறார்கள். நம் கடைக்காரர் ஒரே பெட்டியை எல்லா வண்டிக்கும் நீட்டுகிறார்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. திண்டிவனம் தாண்டி மழையில் வண்டிகள் தேங்கி நின்றன. நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக் காத்திருந்தோம். சற்று நேரத்தில் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பின் சீட்டில் இருந்த என் அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஓரங்கட்டி, டிக்கியைத் திறந்து, டெயில் லேம்ப் பக்கத்து உறையைத் தொட்டால் கையை வைக்க முடியவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்ததும் எங்கள் குடும்ப வண்டிகளை வருடக்கணக்கில் பார்க்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் விட்டேன். அவர் உறையைக் கழற்றிக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தங்க நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு அலுமினியத் துண்டு, மேலே 50 வாட், 6 ஓம் என்று எழுத்து. பிளாஸ்டிக் மேல் டபுள் சைடு டேப்பால் ஒட்டியிருந்தார்கள். டேப் உருகி வழிந்து, அடியில் பிளாஸ்டிக் குழிந்து பழுப்பாகியிருந்தது. கம்பெனி வயரின் தோலை உரித்து, செம்பை முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். நான்கு மூலையிலும் இதே வேலைதான்.

இண்டிகேட்டர் பல்பு 21 வாட். ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதில் சிறு பங்குதான் இழுக்கும் என்பதால், இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃபிளாஷர், பல்பு போய்விட்டது என்று நினைத்துப் படபடவென்று வேகமாக அடிக்கும். அதை மறைக்கத்தான் இந்தத் தங்க நிறத் துண்டு, ரெசிஸ்டர் என்பார்கள். மிச்சமான மின்சாரத்தை வெறும் சூடாக மாற்றி வீணடிப்பது ஒன்றே அதன் வேலை. வண்டி ஓடும்போது ஒவ்வொன்றும் எரிகிற நொடியில் 30 வாட்டுக்கு மேலேயே தின்னும். சாதாரண சோல்டரிங் அயர்ன் 25 வாட் என்றால் புரியும். இதை உலோகத்தில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஒட்டினால் தீ பிடிக்க வழி செய்கிறோம் என்றுதான் அர்த்தம். பேட்டரி மிச்சம் என்று சொன்னது எந்த வாயால் என்று தெரியவில்லை.

ஹெட்லைட்டுக்கு வருவோம். அண்ணன் வயரில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தார். ஒரு பல்பு இரண்டு ஆம்பியர்கூட இழுக்கவில்லை, அதாவது 25 வாட் மாதிரி. பெட்டி சொன்ன கணக்குப்படி ஒன்றுக்கு 80 வாட் வர வேண்டும். பல்பின் சிப்புகள் இடமும் வலமும் பார்த்து நிற்க வேண்டியவை, மேலும் கீழும் பார்த்து நின்றன. பல்பின் கழுத்தில் இருக்கும் காலர் வளையத்தைச் சுற்றிச் சரியாக நிறுத்த ஒரு நிமிடம் ஆகும். அதைக்கூடச் செய்யவில்லை. பின்னால் இருக்கும் ஃபேனுக்கு இடம் வேண்டுமென்று ரப்பர் மூடியைக் கத்தரித்திருந்தார்கள். அந்த வழியாக மழைத் தண்ணீர் போய் ஒரு பக்கக் கூட்டுக்குள் ஆவி படிந்துவிட்டது.

எனக்கு இதையெல்லாம்விடப் பயமாக இருந்தது பிரேக் லைட். அந்தப் பல்பில் டெயிலுக்கு 5 வாட் இழை, பிரேக்குக்கு 21 வாட் இழை. பிரேக்கை மிதித்தால் பளிச்சென்று கூடுவதைப் பார்த்துத்தான் பின்னால் வருபவர் காலை எடுப்பார். இவர்கள் போட்ட மலிவு எல்இடியில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வெள்ளை எல்இடியைச் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போட்டதால் நிறமும் வெளிறிய ரோஸாக இருந்தது. பைக்கில் பின்னாலேயே வந்து பார்த்த என் மைத்துனர், "மாமா, நீங்க பிரேக் போட்டதே தெரியலை, கார் பக்கத்துல வந்தப்புறம்தான் மிதிச்சேன்" என்றார்.

கடைக்கு போன் செய்தேன். முதலில் எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்றார்கள். அப்புறம், தண்ணீர் போயிருந்தால் வாரண்டி கிடையாது என்றார்கள். மூடியை வெட்டியது யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கழற்றிய கம்பெனி பல்புகளைக் கேட்டால் குப்பையில் போட்டாகிவிட்டதாம். நேரில் போய் உட்கார்ந்தபோது பாதிப் பணம் தருகிறேன், விஷயத்தை விட்டுவிடுங்கள் என்று பேரம் பேசினார் முதலாளி. வாங்கவில்லை. பணம் கட்டியபோதே ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதையும் படங்களையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

எல்லாரும் போடுகிறார்கள் என்பவர்கள் இன்னொன்றையும் சொல்வதில்லை. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் இருக்கிறது. இந்தத் தண்டனை வண்டிச் சொந்தக்காரருக்கு. வயரை வெட்டிய வண்டி எரிந்தால் கம்பெனியும் இன்சூரன்ஸும் முதலில் அந்த வெட்டைத்தான் கேட்பார்கள்.

இப்போது என் காரில் பழையபடி 60/55 ஹாலஜன்தான். வெட்டிய வயர்களை அண்ணன் சோல்டர் வைத்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடித் தந்தார். ரப்பர் மூடியை ஷோரூமில் வாங்கினேன். கண்ணாடியைப் பாலிஷ் போட்டு, லைட்டின் உயரத்தைச் சரிசெய்ததும் வெளிச்சம் தாராளமாகப் போதுகிறது. எல்இடி வேண்டும் என்றால் காருக்குள் எரியும் ரூஃப் லைட்டில் போட்டுக்கொள்ளலாம், அது யார் கண்ணையும் குத்தாது.

ஏற்கெனவே மாற்றியிருப்பவர்கள் இன்று இரவே சமதளத்தில் ஒரு சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோடு கிழித்ததுபோல், ஹெட்லைட் உயரத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேலேயும் சிதறினால் எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது. அப்புறம் யாரையாவது பின்னால் நிற்க வைத்து, டெயில் லைட் எரியும்போது பிரேக்கை மிதித்துக் கேளுங்கள். கடைசியாக டிக்கியின் உறையைக் கழற்றி அந்தத் தங்க நிறத் துண்டு எதில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். இண்டிகேட்டர் ஓடியிருந்தால் கொஞ்சம் ஆறவிட்டுத் தொடுங்கள்.