தலைகீழ் வகுப்பு: ஆறு வருட அனுபவம்

மன்னார்குடி பக்கம் ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டு இயற்பியல் எடுக்கிறேன். 2019-லிருந்து தலைகீழ் வகுப்பு முறைதான். பாடத்தை முன்கூட்டியே வீடியோவில் பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பு நேரம் முழுக்கக் கணக்குக்கும் விவாதத்துக்கும். 2007-இல் கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்ய ஆரம்பித்துப் பரவிய முறை. எங்கள் பிள்ளைகளுக்கும் அந்தத் தேவை உண்டு. சம்பா நடவு, ஐப்பசி அடைமழை என்று வருகை குறையும் வாரங்கள் இங்கே நிறைய.

முதல் வருடம் தவறு என்னுடையது. ஐஐடிகள் இலவசமாக இணையத்தில் தரும் என்பிடெல் வீடியோக்களை அப்படியே அனுப்பிவிட்டேன். நல்ல பாடங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் நீளம், முழுக்க ஆங்கிலம். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும். பாதிப் பேர் பார்க்காமல் வந்தார்கள். அவர்களுக்காகக் கரும்பலகையில் மறுபடி நடத்தினேன். பார்த்துவிட்டு வந்தவர்களும் அடுத்த வாரத்திலிருந்து பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

அப்புறம் நானே தமிழில் பேசிப் பதிவு செய்தேன். எட்டு நிமிடத்துக்கு மேல் போகாது, கலைச்சொல் மட்டும் இரண்டு மொழியிலும். டவுன் பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு வருகிறார்கள். கேட்காமல் வந்தவர்கள் முதல் பத்து நிமிடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சேர்ந்துகொள்ளலாம். மறுபடி நடத்துவதில்லை, அதில் உறுதியாக இருக்கிறேன்.

வகுப்பில் நடப்பதுதான் இந்த முறையின் உயிர். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் செய்துவந்ததைப் போல, ஒரு கேள்வி, தனியாக யோசனை, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், திரும்ப விடை. நாங்கள் விடையின் எண்ணை விரலால் காட்டுவோம். மேலே எறிந்த கல் உச்சியில் இருக்கும்போது முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எவ்வளவு என்று கேட்டேன். பெரும்பாலோர் 'பூஜ்யம்' என்று ஒரு விரல் காட்டினார்கள்.

"கல்லு அங்க நின்னுடுதுல்ல?" என்றாள் ஒருத்தி.

"நின்னுட்டு, வேகமும் மாறலைன்னா அந்தரத்துலயே தொங்கணுமேடி! எப்படிக் கீழ வரும்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு ஒவ்வொரு விரலாக மாறியது. உச்சியிலும் 9.8, கீழ்நோக்கி. அந்த வாக்கியத்தை நான் பல வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்; இப்படிப் பதிந்ததில்லை.

சிரமம் இல்லாமல் இல்லை. ஒரு வீடியோவுக்கு ஒரு மாலை முழுதும் போகிறது. விவாதம் நீண்டால் ஐந்தாவது யூனிட் நெருக்கும். நீளமான சமன்பாட்டு வருவிப்புகளை இன்னமும் கரும்பலகையில்தான் நடத்துகிறேன்; அங்கே அவர்கள் முகத்தைப் பார்த்து வேகம் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது.

போன புரட்டாசியில் நடவுக்குப் போன மாணவி மூன்று நாள் வரவில்லை. மூன்றாம் நாள் இரவு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது: "மேம், ரெண்டாவது வீடியோல அஞ்சாவது நிமிஷம், உராய்வு விசை ஏன் அந்தப் பக்கம் போட்டீங்க?" அம்புக்குறியை நான்தான் மாற்றிப் போட்டிருந்தேன். மறுநாள் காலையில் திருத்திப் பதிவேற்றினேன்.